கொட்டகையில் தூங்கும் காரை எழுப்புவது எப்படி?

வண்டலூரில் பிறந்த ‘ஹெரால்டு’ காரின் கதை

பல ஆண்டுகளாக நின்றுபோன மோட்டார் கார் மறுபடியும் ஓடுமா?

ஓடும்! ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. முறை தெரியாமல் அவசரப்பட்டால் நல்ல என்ஜின் ஒரே நிமிடத்தில் பாழாகிவிடும். சில வேளைகளில் ஆளுக்கே ஆபத்து வந்துவிடும்.

காஞ்சீபுரத்தை அடுத்து ஐயங்கார்குளம் என்ற ஊர் இருக்கிறது. கடல்போன்ற பெரிய குளமும், சஞ்சீவிராயர் கோவிலும், பூமிக்கு அடியில் படி இறங்கிச் செல்லும் நடவாவிக் கிணறும் உள்ள ஊர். சுற்றிலும் நெல்வயல்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக் கொட்டகையில், தாத்தா வாங்கிய ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ கார் 30 ஆண்டுகளாக நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே சாக்கு. உள்ளே எலி வளை. நான்கு சக்கரத்திலும் காற்று இல்லை.

பேரன் பட்டணத்தில் இருந்து வருகிறான். கையில் புதிய பாட்டரி. “ஒரே ஒரு தடவை சாவியைத் திருப்பிப் பார்த்துவிடுவோமே, பாட்டி!” என்று துடிக்கிறான்.

கூடாது! திருப்பவே கூடாது!

ஏன் கூடாது? அதைத் தெரிந்துகொள்ளும் முன், இந்தக் காரின் பிறப்பைத் தெரிந்துகொள்ளவேண்டும். அதைத் தெரிந்துகொண்டால், இதை வீட்டிலேயே பழுது பார்க்க முடியும் என்ற தைரியம் வந்துவிடும்.

சீமைக் கார், செங்கற்பட்டுக் கார்!

ஸ்டாண்டர்டு கம்பெனி 1903-ம் ஆண்டில் இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரில் தொடங்கப்பட்டது. பிறகு ‘டிரையம்ப்’ என்ற கம்பெனியும் அதன் கைக்கு வந்தது.

1948-ல் ‘ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா’ என்ற கம்பெனி சென்னையில் ஏற்பட்டது. தாம்பரத்துக்கு அப்பால், வண்டலூரில் அதன் தொழிற்சாலை அமைந்தது. முதலில் ‘வான்கார்டு’ கார் வந்தது. பிறகு ‘ஸ்டாண்டர்டு எட்டு’, ‘ஸ்டாண்டர்டு பத்து’ என்ற சிறிய கார்கள் வந்தன.

1961-ல் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தில் அதன் பெயர் டிரையம்ப் ஹெரால்டு. இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

வண்டலூரும் ஐயங்கார்குளமும் அந்த நாளில் ஒரே மாவட்டம். இரண்டும் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தன. ஆகவே, பார்ப்பதற்குச் சீமைக் காராக இருந்தாலும், இந்தக் கார் சொந்த மண்ணில் பிறந்த காரே ஆகும்!

அந்தக் காலத்தில் நம் நாட்டில் புதிய கார் வாங்க விரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் 3 கார்களே இருந்தன. ஒன்று, இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அச்சாகக் கொண்ட அம்பாசிடர். இன்னொன்று, இத்தாலி நாட்டு பியட். மூன்றாவது, நம் ஹெரால்டு.

ஒட்டாத கார்!

ஹெரால்டு காருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. இதன் உடல் ஒரே துண்டாக ஒட்டி வைத்தது அல்ல. பல துண்டுகளாகச் செய்து, போல்ட் போட்டு முடுக்கியது.

இது ஆசைப்பட்டுச் செய்தது அல்ல. தவித்துப்போய்ச் செய்தது!

ஸ்டாண்டர்டு கம்பெனி தனது கார்களின் உடலை வெளியே கொடுத்துச் செய்து வாங்கிவந்தது. செய்துகொடுத்த கம்பெனியின் பெயர் ‘பிஷர் அண்டு லட்லோ’. 1953-ல் அந்தக் கம்பெனியை, போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. விலைக்கு வாங்கிவிட்டது.

புதிய காருக்கு உடல் செய்துகொடுக்க ஆள் இல்லை. என்ன செய்வது?

ஒரு யோசனை பிறந்தது. முழு உடலைச் செய்யத்தானே பெரிய தொழிற்சாலை வேண்டும்? கார் உடலைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவோம். ஒவ்வொரு துண்டையும் ஒவ்வொரு இடத்தில் செய்வோம். அடியில் பலமான இரும்புச் சட்டத்தை வைத்து, எல்லாத் துண்டுகளையும் அதன் மேல் முடுக்கிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

காரின் அழகிய வடிவத்தை, இத்தாலி நாட்டு நிபுணர் மிக்கலாட்டி வரைந்துகொடுத்தார்.

1959-ல் லண்டனில் ஆல்பர்ட் மண்டபத்தில் அறிமுக விழா நடந்தது. மேடையில் துண்டுகளாகக் கொண்டுவந்து வைத்த காரை, எல்லோருக்கும் முன்பாகச் சில நிமிடங்களில் மாட்டி முடித்துக் காட்டினார்கள். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள்.

அன்று கம்பெனிக்கு வந்த சங்கடம், இன்று நமக்கு லாபம்! முடுக்கியதைக் கழற்றலாம் அல்லவா? கழற்றியதைத் திரும்ப முடுக்கலாம் அல்லவா?

பானெட்டைத் திறந்தால் இன்னொரு வியப்பு. மற்றக் கார்களில் மூடி மட்டும்தான் திறக்கும். ஹெரால்டில் மூடி, மட்கார்டு, முன்விளக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். என்ஜின் முழுவதும் வெட்டவெளியாகத் தெரியும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம். குனிந்து இடுப்பு ஒடிய வேண்டியது இல்லை!

ஏன் சாவியைத் திருப்பக் கூடாது?

இப்போது பேரன் கதைக்கு வருவோம்.

என்ஜினுக்குள் 4 சிலிண்டர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். இரண்டும் உரசாமல் இருப்பதற்காக நடுவே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும்.

கார் நின்றுவிட்டால் அந்த எண்ணெய் சிறிது சிறிதாகக் கீழே வழிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக்காற்று உள்ளே நுழையும். சிலிண்டர் சுவரில் துரு பிடிக்கும். பிஸ்டன் வளையங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த நிலையில் புதிய பாட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினால் என்ன ஆகும்? ஒட்டியிருந்த வளையம் முறியும். துருத்தூள் சிலிண்டரைக் கீறும். எண்ணெய் இல்லாத பேரிங் தேயும். ஆயிரக்கணக்கில் செலவு வந்து சேரும்.

கயிறு கட்டி இழுத்து, கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்வது இதைவிட மோசம்!

முதல் வேலை: கம்பை எடுங்கள்!

ஸ்பானரை எடுக்கும் முன் நீண்ட கம்பை எடுக்கவேண்டும். காரின் அடியிலும், சீட்டின் அடியிலும், டிக்கியிலும் தட்டிப் பார்க்கவேண்டும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். கிராமத்தில் இதைச் சொல்லித் தெரியவேண்டியது இல்லை. ஆனால் காரைக் கண்ட மகிழ்ச்சியில் மறந்துவிடுவார்கள்.

அடுத்து, புகை போகும் குழாயைப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கும். ஒரு கம்பியால் குத்தி எடுக்கவேண்டும்.

எலி கடித்த ஒயர்களைப் பாருங்கள். தோல் போன ஒயரில் மின்சாரம் பாய்ந்தால் தீப்பிடிக்கும்.

பிறகு அடிச்சட்டம். ஹெரால்டின் உயிரே அந்த இரும்புச் சட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு சிறிய சுத்தியலால் நெடுகத் தட்டவேண்டும். ‘டங்’ என்று கேட்டால் நல்ல இரும்பு. ‘பொத்’ என்று கேட்டால் உள்ளே துரு தின்றுவிட்டது. அந்த இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யாமல் காரை ஓட்டக்கூடாது.

காரைத் தூக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. செங்கல்லும் வேண்டாம்; அது திடீரென்று நொறுங்கும். இரும்பு ஸ்டாண்டு வைக்கவேண்டும். மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்கவேண்டும். மண் தரையாக இருந்தால் கனமான பலகை போட்டு அதன் மேல் ஸ்டாண்டை நிறுத்தவேண்டும்.

பழையதை இறைத்த பிறகே புதியது

ஐயங்கார்குளத்தில் ஒவ்வொரு ஆண்டும் சித்ரா பவுர்ணமியன்று காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் நடவாவிக் கிணற்றுக்குள் எழுந்தருளுவார். அதற்கு முன்னால் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். பூமிக்குள் இருக்கும் மண்டபம் வெளியே தெரியும். அதன் பிறகே விழா.

தூங்கும் காருக்கும் இதே விதிதான். உள்ளே கிடக்கும் பழைய எண்ணெய், பழைய பெட்ரோல், பழைய தண்ணீர், பழைய பிரேக் ஆயில் எல்லாவற்றையும் வெளியே எடுத்த பிறகே புதியதை ஊற்றவேண்டும்.

என்ஜின் எண்ணெய்: அடியில் உள்ள போல்ட்டைக் கழற்றினால் பழைய எண்ணெய் வடியும். தார்போலக் கறுத்திருக்கும். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால், தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மேலே போகக்கூடாது. புதிய எண்ணெய் சுமார் 4 லிட்டர் பிடிக்கும். பில்டரையும் மாற்றவேண்டும்.

தண்ணீர்: ரேடியேட்டரைக் கழுவ வேண்டும். ரப்பர் ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். கல்போல இறுகியோ, வெடித்தோ இருந்தால் மாற்றுங்கள். உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கூஜாவில் வெந்நீர் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு என்ஜினுக்குள்ளும் படியும். சுத்திகரித்த நீரும் கூலன்ட்டும் கலந்து ஊற்றுவது நல்லது.

பெட்ரோல்: இதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஹெரால்டின் பெட்ரோல் டாங்கி பின்னால் டிக்கிக்குள் இருக்கிறது. பழைய பெட்ரோல் கெட்டு, பிசின்போல ஆகி, துர்நாற்றம் அடிக்கும். திறந்த வெளியில் வைத்து இறக்கவேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், விளக்கு, அடுப்பு எதுவும் இருக்கக் கூடாது. பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

டாங்கியில் ஓட்டை இருந்தால், “காலி டாங்கிதானே!” என்று வெல்டிங் வைத்துவிடாதீர்கள். நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே ஆபத்து! பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து உள்ளே நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடிகுண்டுபோல வெடிக்கும். இந்த வேலையை அதில் கைதேர்ந்தவர்களிடமே கொடுக்கவேண்டும்.

ஒட்டிய என்ஜினை விடுவிப்பது

இப்போது என்ஜினுக்கு வருவோம். ஹெரால்டு என்ஜின் 948 சி.சி. அளவு உள்ளது. இதன் வேலைப்பாடு எளிமையானது.

முதலில் 4 பிளக்குகளையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு கரண்டி மெல்லிய எண்ணெய் விடுங்கள். பிறகு?

பிறகு வீட்டுக்குள் போய் வேறு வேலையைப் பாருங்கள்!

இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டுவிட வேண்டும். எண்ணெய் மெதுவாக இறங்கி வளையங்களை நனைக்கும். அதற்குப் பிறகு கடைசி கியரில் போட்டு, காரைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைக்கவேண்டும். சக்கரம் அசையும்போது என்ஜினும் அசைகிறதா என்று பாருங்கள். அசையவில்லையானால் மறுபடியும் எண்ணெய். மறுபடியும் காத்திருப்பு. பலாத்காரம் கூடாது.

ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. 30 ஆண்டு நின்ற காருக்கு ஒரு வாரம் பெரிதா?

எல்லா முயற்சியும் பலிக்காவிட்டால், என்ஜின் தலையைக் கழற்றிப் பார்க்கவேண்டியதுதான். அதற்கு மெக்கானிக் உதவி தேவை.

பொறி வருகிறதா?

என்ஜின் சுலபமாகச் சுற்றினால் பாதி வெற்றி. இனி மூன்று கேள்விகள்: பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? காற்று வருகிறதா?

பொறியைக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியைத் திறந்தால் பொத்தான்போன்ற இரண்டு சிறிய முனைகள் தெரியும். மெக்கானிக்குகள் இதைப் ‘பிளாட்டினம்’ என்பார்கள். கார் ஓடாமல் நின்றால் இந்த முனைகளில் பாசிபோலப் படிந்துவிடும். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவேண்டும். முனைகள் நன்றாக விலகி நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம் இருக்கவேண்டும். ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் கனம். பிளக் முனை இடைவெளி 0.025 அங்குலம்.

4 ஒயர்களைக் கழற்றும் முன் ஒவ்வொன்றிலும் எண் ஒட்டிவிடுங்கள். இந்த என்ஜினில் பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் வரும். மாறிப்போனால் என்ஜின் இருமும், வெடிக்கும், ஓடாது.

பாட்டரி மாட்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில், பாட்டரியின் பாசிட்டிவ் முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய கார்களில் இது நேர்மாறு. ஆகவே பழைய ஒயர் எங்கே போகிறது என்று பார்த்த பிறகே பாட்டரியை மாட்டவேண்டும்.

பெட்ரோல் பம்பும் கார்புரேட்டரும்

டாங்கியில் இருந்து பெட்ரோலை இழுப்பது ஒரு சிறிய பம்பு. அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு இருக்கிறது. அது காய்ந்து கிழிந்திருந்தால் பெட்ரோல் வராது. அல்லது, பெட்ரோல் கசிந்து என்ஜின் எண்ணெயோடு கலந்துவிடும். புதிய சவ்வு போடுவதே நல்லது.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டும். அதில் உள்ள ஜெட் துவாரம் குண்டூசி முனை அளவுதான். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துவாரம் பெரிதாகிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்யவேண்டும்.

இந்த இடத்தில் இன்னொரு செய்தி. இன்று விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் சவ்வுகளும் எத்தனாலைத் தாங்காது. ஊறிப் பிசுபிசுத்துப் போய்விடும். எத்தனாலைத் தாங்கும் புதுவகைக் குழாய்களைக் கேட்டு வாங்கிப் போடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். ஆகவே டாங்கியில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்க விடக்கூடாது.

தாத்தா காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது என்ஜின் வால்வுகளுக்கு ஒரு மெத்தைபோல உதவியது. 2000-ம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஈயம் இல்லாத பெட்ரோல்தான். மெதுவாக ஓட்டும் காருக்கு இதனால் உடனே கெடுதி இல்லை. வேகமாக, நெடுந்தூரம் ஓட்டினால்தான் வால்வு இருக்கைகள் தேயும்.

முதல் உறுமல்

இப்போதுதான் சாவியைத் தொடலாம்!

அப்போதும் அவசரம் வேண்டாம். பிளக் இல்லாமலே சிறிது நேரம் என்ஜினைச் சுற்றவிடுங்கள். எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறவேண்டும். எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் விளக்கு அணைந்தால், எண்ணெய் ஏறிவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகே பிளக்குகளை மாட்டி, ஸ்டார்ட் செய்யவேண்டும்.

காரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். மூடிய இடத்தில் என்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆள் மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும்.

பக்கத்தில் தீயணைப்புக் கருவி ஒன்று இருக்கட்டும்.

என்ஜின் பிடித்துக்கொண்டதும் குபுகுபு என்று புகை வரும். பயப்படாதீர்கள். நாம் ஊற்றிய எண்ணெய் எரிகிறது. சிறிது நேரத்தில் குறைந்துவிடும். நீலப் புகை நிற்காமல் வந்தால் வளையம் தேய்ந்திருக்கிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே புகுகிறது. கறுப்புப் புகை வந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. புகையே டாக்டர் சீட்டு!

ஓடுவதற்கு முன் நிற்கவேண்டும்!

என்ஜின் ஓடிவிட்டது. தெருவே கூடிவிட்டது. “ஒரு ரவுண்டு போகலாம் அண்ணே!” என்று பிள்ளைகள் ஏறிக்கொள்வார்கள்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். ஓடும் காரைவிட முக்கியம், நிற்கும் கார்!

ஹெரால்டில் 4 சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே குழாய் வழியில் போகிறது. இன்றைய கார்களில் இரண்டு தனி வழிகள் உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். பழைய காரில் அப்படி இல்லை. எங்கேயாவது ஓர் இடத்தில் கசிந்தால் 4 சக்கரத்திலும் பிரேக் போய்விடும். காலை வைத்தால் மிதிகட்டை தரைக்குப் போகும், கார் நிற்காது.

ஆகவே, பிரேக்கில் உள்ள ரப்பர் ஒவ்வொன்றையும் புதிதாக மாற்றவேண்டும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று விட்டுவைக்காதீர்கள். துருப்பிடித்த குழாய்களையும் மாற்றவேண்டும். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக என்ஜின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும்.

அடுத்து முன் சக்கரம். ஹெரால்டின் முன் சக்கரம் கீழே ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கிறது. போல்ட்டும் நட்டும் போல என்று சொல்லலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இந்தத் திருகுதான் சுழலும். இதற்குக் கெட்டியான கியர் எண்ணெய் விடவேண்டும் என்பது விதி. பலர் கிரீஸ் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கிரீஸ் உள்ளே முழுவதும் போய்ச் சேராது. ஈரம் புகுந்து துரு பிடிக்கும். ஒருநாள் திடீரென்று முறிந்து, சக்கரம் மடிந்துவிடும்!

காரை ஓட்டும் முன் இதைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும்.

டயரில் பூ தேயாமல் இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு வயதாகிவிட்டது. பக்கவாட்டில் மயிரிழைபோல வெடிப்பு தெரியும். பழைய டயரை நம்பி ஊரைவிட்டு வெளியே போகக்கூடாது.

முதல் ஓட்டம் வீட்டு வாசலில்தான். பத்து அடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள். நூறு அடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள். நின்றால்தான் அடுத்த தெரு.

சட்டம் என்ன சொல்கிறது?

கார் ஓடினால் மட்டும் போதாது. பதிவுச் சான்று காலாவதி ஆகியிருக்கும். அதைப் புதுப்பிக்கவேண்டும். இன்சூரன்சும், புகைச் சான்றும் வேண்டும். பழைய ஆர்.சி. புத்தகத்தை டிரங்குப் பெட்டியில் தேடி எடுங்கள். தாத்தா பெயரில் இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றவேண்டும்.

50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, மாற்றம் செய்யாத பழைய வாகனங்களுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டது. அதன்படி ‘வி.ஏ.’ என்ற எழுத்துள்ள தனி எண் கிடைக்கும். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய் என்று அந்த விதியில் குறிக்கப்பட்டது. ஆனால் இப்படிப் பதிந்த காரைத் தினசரிப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பழுது பார்த்தல், பெட்ரோல் போடுதல் போன்றவற்றுக்கு மட்டுமே எடுத்துச் செல்லலாம். எந்த வழி பொருத்தம் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு முடிவு செய்யலாம்.

பின் கதவு கிடைக்காது!

சாமான் கிடைக்குமா என்று கேட்கலாம்.

இங்கிலாந்தில் 1959 முதல் 1971 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹெரால்டு கார்கள் செய்யப்பட்டன. அவற்றை இன்றும் ஓட்டுகிறவர்கள் அங்கே சங்கம் வைத்திருக்கிறார்கள். ஆகவே பிரேக் ரப்பர், வளையம், பேரிங், வெண்கலத் துண்டு போன்றவை புதிதாகவே கிடைக்கின்றன.

ஆனால் ஒன்று மட்டும் கிடைக்காது. அதுதான் பின் கதவு!

இங்கிலாந்து ஹெரால்டு காருக்கு இரண்டு பக்கக் கதவுகள்தான். வயதானவர்களும் குழந்தைகளும் முன் சீட்டை மடக்கிப் பின்னால் ஏறவேண்டும். பாட்டி, தாத்தா, பேரன், பேத்தி என்று குடும்பமே ஏறும் நம் நாட்டுக்கு அது ஒத்துவரவில்லை. ஆகவே 1960-களின் கடைசியில், நான்கு கதவு ஹெரால்டை வண்டலூரில் செய்தார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒரு ஹெரால்டு வரவே இல்லை.

1970-களில் ஹெரால்டின் இடத்துக்கு ‘கெசல்’ என்ற கார் வந்தது. அதுவும் நின்றது. 1985-ல் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய கார் வந்தது. அது விலை போகவில்லை. 1988-ல் வண்டலூரில் கார் செய்வதே நின்றுவிட்டது.

ஆகவே, பின் கதவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டால் போட்டதுதான். பணம் கொடுத்தாலும் சீமையிலும் கிடைக்காது. கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது, “இது என்ன துருப்பிடித்த தகரம்?” என்று எதையும் எடைக்குப் போடாதீர்கள். கைப்பிடி, கண்ணாடி, பெயர்ப்பட்டை, சின்ன ஆணி எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு, எந்த இடத்தில் கழற்றியது என்று சீட்டு எழுதி வையுங்கள்.

பேரனுக்கு ஒரு வார்த்தை

வேலை ஒருநாளில் முடியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் பல மாதங்கள் ஆகலாம். நஷ்டம் இல்லை. ஊரில் வயதான மெக்கானிக் இருந்தால் அவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, அவர் சொல்லச் சொல்லச் செய்யுங்கள். பிளாட்டினம் வைப்பதும், கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்வதும் அவர் கைக்குத் தெரியும். புதிய கார்களில் அந்த வேலை இல்லாததால், அடுத்த தலைமுறை அதைக் கற்றுக்கொள்ள வேறு இடம் இல்லை.

முதலில் பாம்பு, எலி, துரு. அடுத்து பழைய எண்ணெய், பழைய பெட்ரோல். அடுத்து பிரேக். கடைசியில்தான் சாவி. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

சாவி? அதுவரை அது பாட்டியின் சுருக்குப் பையிலேயே இருக்கட்டும்!